நெய்த கையும் தோய்த்த கையும்
(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆன்மாவைப் பற்றிப் பேசவேண்டிய மேடையிலே அரையில் உடுக்கும் துணியைப் பற்றிப் பேச்சா என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமது பெரியபுராணத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். அறுபத்துமூன்று நாயன்மாருள் மூவர் துணியைக் கொண்டே தொண்டு செய்து இறைவன் திருவடியை அடைந்தவர்கள். கம்பிலி என்னும் ஊரிலே சாலியர் குலத்தில் தோன்றிய நேச நாயனார், கீளும் உடையும் கோவணமும் நெய்து அடியார்க்குக் கொடுத்தார். பழையாறை வணிகராகிய அமர்நீதி நாயனார், ஆடை விற்ற பொருளிலே அடியாரை ஊட்டிக் கோவணமும் வழங்கினார். காஞ்சியில் ஏகாலியர் குலத்தில் வந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார், அடியாரின் அழுக்குத் துணியைத் தோய்த்துக் கொடுத்தார். நெய்தவர் ஒருவர், வழங்கியவர் ஒருவர், தோய்த்தவர் ஒருவர். ஒரு துணியின் வாழ்வு முழுவதும் இம்மூவர் கையிலும் அடங்கிவிடுகிறது. ஆகவே துணியைப் பற்றிப் பேசுவது சமயத்துக்குப் புறம்பானதன்று.

இனி நம்மிடமிருந்தே தொடங்குவோம். ஊரைக் குறை சொல்லுமுன் நம் முற்றத்தைப் பார்ப்பது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் கோயில் திருவிழா வந்தால் நம் மன்றத்துத் தொண்டர் படைக்கு ரீசேட் அடிக்கிறோம். முன்புறம் கோபுரப் படம், பின்புறம் உபயகாரரின் கடைப் பெயர். அதன் கீழே ஆண்டு. ஆண்டு அச்சிட்டிருப்பதனால் மறு ஆண்டு அதை உடுக்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை. பொலியெஸ்டர்த் துணியாதலால் நமது ஆடி மாத வெயிலில் அது உடலை அவிக்கிறது. பத்து நாள் உடுத்தபின் அது சைக்கிள் துடைக்கப் போகிறது, அதன்பின் வேலியோரம், மாரி வந்ததும் வாய்க்கால் வழியே வாவி. சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் வாவிக்கரையைத் துப்புரவு செய்தபோது, கண்டல் வேர்களிலே சிக்கிக் கிடந்தவற்றுள் நம் கோயில் கோபுரப் படம் போட்ட துணியும் இருந்தது. எடுத்துக் கையில் பிடித்தபோது எமக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. இறைவன் திருப்பணிக்கென்று உடுத்த துணி இறைவன் படைத்த நீருக்கு அழுக்காகிவிட்டது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்து நிற்பதும் அதுவே, பிரித்து நிற்பதும் அதுவே. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்குக் கடலோடு தொடர்பு இரண்டே இடங்களில்தான் உண்டு: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்று முகத்துவாரம். கோடையிலே மணல் மேடிட்டு வாய் அடைபட்டுவிடும். மாரி வெள்ளம் வந்தபின்பே வாய் திறக்கும். ஆழமும் குறைவு. ஆகவே நாம் வாவியில் எறிவதைக் கடல் உடனே வாங்கிக்கொண்டு போய்விடும் என்று எண்ணுவது தவறு. எறிந்தது நம் மடியிலேயே கிடக்கிறது. அங்கேதான் இறால் வளர்கிறது, நண்டு வளர்கிறது, நாம் ஆக்கி உண்ணும் மீன் வளர்கிறது.

பருத்தித் துணி நீரில் கிடந்தால் காலப்போக்கில் உக்கிவிடும். பொலியெஸ்டர் உக்காது. அது துணி வடிவில் வந்த பிளாஸ்டிக். 1941 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்ட இழை அது. டெரிலின் என்ற பெயரோடு அது வந்த காலத்தில், டெரிலின் சேட் போட்டவர் ஊரிலே பெரிய மனிதர் என்பதை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். கசங்காது, விரைவில் உலரும், மலிவு. ஆகவே உலகம் அதை விரும்பியது. இன்று உலகில் உற்பத்தியாகும் துணியிழையிலே பாதிக்கு மேல் பொலியெஸ்டரே. அதைத் துவைக்கும்தோறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் கழன்று நீரோடு போகின்றன. துகளாகவே கடலைச் சேரும் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதனால் வருகிறதென்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நமது கிணற்றடித் தண்ணீர் எங்கே போகிறதென்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதை உடுப்பது? இங்கே நேச நாயனாரை நினைப்போம். நெய்பவரைத் தேடி நாம் கம்பிலிக்குப் போகவேண்டியதில்லை. வாவியின் தென்கோடியிலே மருதமுனை இருக்கிறது. அவ்வூர் முஸ்லிம் சகோதரர்களின் கைத்தறிச் சாறனும் சேலையும் இலங்கை முழுவதும் பேர்பெற்றவை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த 1970 முதல் 1977 வரையான காலத்திலே நாட்டில் கைத்தறி செழித்திருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பின்னர் போர் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் சூறையாடியது. இத்தனைக்கும் பின் அங்கே தறிச் சத்தம் இன்னும் கேட்கிறதென்றால், அது அம்மக்களின் உறுதியே.

கைத்தறிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. பாவும் ஊடும் கையாலும் காலாலும் இயங்குகின்றன. ஆயினும் கைத்தறி என்றவுடன் எல்லாம் தூய்மை என்று எண்ணிவிடக்கூடாது. நூல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சாயம் பெரும்பாலும் இரசாயனச் சாயமே. அந்தக் கழிவு நீரை வடித்துச் சுத்திகரியாமல் விட்டால் அதுவும் வாவிக்கே தீங்கு. நெசவாளருக்கு அதற்கான வசதியைச் செய்துகொடுப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்க உதவுவது நம் கடமை. பக்கத்து ஊரில் நெய்ததாயின் இப்படிக் கேட்கவாவது முடியும். எங்கோ நெய்த துணியின் சாயம் எந்த ஆற்றில் கலந்ததென்று யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்து அமர்நீதி நாயனார். பிரமசாரி வடிவில் வந்த பெருமான் தமது கோவணத்தை ஒப்படைத்துவிட்டு அதை மறையச் செய்தார். திரும்பி வந்து, தண்டிலிருந்த மற்றைக் கோவணத்தைத் துலாத் தட்டில் வைத்து அதற்கு நிறை தரும்படி கேட்டார். வணிகர் தம் செல்வம் முழுவதையும் வைத்தார். தட்டு நேர் நிற்கவில்லை. ஈற்றில் தாமும் மனைவியும் மைந்தனுமாக ஏறிய பின்பே துலை ஒத்தது. சிறுவயதில் இக்கதையைக் கேட்டு வியந்தோம். இன்று அதில் வேறொரு பாடமும் தெரிகிறது. ஒரு சிறு துணிக்கு எதிர்த்தட்டில் எத்தனை மனிதர் நிற்கிறார்கள்! 2013 ஏப்ரல் 24 இல் பங்களாதேசத்தில் ரானா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, ஆடை தைத்துக்கொண்டிருந்த 1,100 பேருக்கு மேல் மாண்டனர். விரிசல் கண்ட கட்டடம் என்று அறிந்தும் அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டிருந்தார்கள். மலிவு மலிவென்று நாம் வாங்கியதன் மிச்ச விலையை அவர்கள் கொடுத்தார்கள். நமது மாவட்டத்துப் பெண் பிள்ளைகளும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறிப் போகிறவர்கள்தாம். துணியைக் குப்பையாக எறிபவன் அவர்களின் உழைப்பையும் எறிகிறான்.

மூன்றாமவர் திருக்குறிப்புத்தொண்டர். குளிர்காலத்தில் அழுக்குக் கந்தையோடு வந்த அடியாருக்கு, மாலைக்குள் தோய்த்து உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மழை விடாமல் பெய்தது. வாக்குத் தவறியதே என்று துவைக்கும் கல்லிலே தலையை மோதப் போனார். பெருமானின் திருக்கரம் தோன்றித் தடுத்தது. கந்தை ஒன்றுக்காக இவ்வளவா என்று நாம் கேட்போம். ஆம், கந்தையும் பேணத்தக்கதே என்பதுதான் அக்கதை.

நம் வீடுகளிலும் அந்தப் பேணுதல் இருந்தது. அம்மம்மா திருவிழாவுக்கு உடுத்த சேலை சில ஆண்டில் வீட்டுச் சேலையாகும். பின் பிள்ளைக்கு ஏணையாகும். பின் தலையணை உறை, அடுப்படிப் பிடிதுணி, ஈற்றில் விளக்குத் திரி. எறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மங்கல வீட்டிலும் கோயிலிலும் வெள்ளை கட்டுவோம். அம்மன் வரும் வழியில் நிலபாவாடை விரிப்போம். சடங்கு முடிந்ததும் அத்துணி தோய்த்து மடித்து அடுத்த வீட்டுக்குப் போகும். இதிலே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பணியைச் செய்தவர்களை நாம் சாதியின் பேரால் தாழ்த்தி வைத்தோம். தோய்த்தவரை நாயனாராக வணங்கிக்கொண்டே, தோய்த்த அயலவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்தக் கட்டு அறுந்தது நல்லதே, அது திரும்பவேண்டாம். ஆனால் துணியைப் பேணும் பழக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கைவிட்டது பிழை. வெள்ளை கட்டிய இடத்தில் பொலித்தீன் தோரணம் வந்தது. சமய, சமூக விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் கூடாதென்று 2017 செப்டெம்பர் 1 முதல் சட்டமே உண்டு. சட்டம் வந்த பின்னும் தோரணம் முற்றாக ஒழிந்தபாடில்லை.

நம் ஊரிலிருந்து ஐயப்ப யாத்திரை போவோர் பலர். பம்பை ஆற்றிலே உடுத்த துணியை விட்டுவிட்டு வருவது புண்ணியமென்று பலர் நம்பி ஆற்றைத் துணியால் நிறைத்தபோது, 2015 இல் கேரள உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. நமக்கு நீதிமன்றம் வந்து சொல்லவேண்டுமா?

இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறவேண்டும். பருத்தி மட்டும் பாவமற்றதா என்று படித்த தம்பிமார் கேட்பர். இல்லை. ஒரு பருத்தி ரீசேட்டுக்கு ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செல்கிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். மத்திய ஆசியாவில் 1960 களிலிருந்து பருத்தி வயலுக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஆரல் என்னும் பெருங்கடலேரி பெரும்பாலும் வற்றிப்போனது. ஆகவே எந்த இழை என்பதிலும், எத்தனை வாங்குகிறோம், எத்தனை காலம் உடுக்கிறோம் என்பதே பெரிது. கைத்தறி விலை அதிகம், ஏழை என்ன செய்வான் என்று தாய்மார் கேட்பர். பிள்ளைக்கு மலிவுச் சட்டை வாங்கும் ஏழைத் தாயை நாம் குறை சொல்லவில்லை. அவள்தான் அதைக் கிழியும்வரை பேணுகிறாள். குறை, பெட்டி நிறைய இருக்க மேலும் வாங்கும் நம்மைப் போன்றவரிடத்தே. சித்திரைப் புத்தாண்டுக்குப் புதுத்துணி உடுப்பது நம் வழக்கம், உடுப்போம். நல்லதாக ஒன்று போதும்.

1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கை வந்தார். துணியைத் தேர்வதும் ஓர் அறமே என்று அக்காலத்து இளைஞருக்கு உணர்த்திச் சென்றார். அவர்கள் அன்று செய்ததில் சிறு பங்கையாவது நாம் செய்யலாம்.

ஆதலின் மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, வருகிற திருவிழாவுக்கு ரீசேட் வேண்டாம். தொண்டர் அடையாளத்துக்கு மருதமுனையில் நெய்த பருத்திச் சால்வை போதும். அதில் ஆண்டும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். விழா முடிந்ததும் வாங்கித் தோய்த்துக் கோயில் பெட்டகத்தில் வைப்போம். மறு ஆண்டு வேறொரு தம்பியின் தோளில் அது ஏறட்டும். தோய்க்கும் வேலையை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்வோம். இரண்டாவது, பொலித்தீன் தோரணத்துக்குப் பதிலாகக் குருத்தோலையும் வெள்ளைத் துணியும் கட்டுவோம். மூன்றாவது, சந்தைக்குப் போகும்போது பனையோலை உமலோ துணிப்பையோ கையில் இருக்கட்டும்.

இம்மண்ணில் பிறந்த சுவாமி விபுலானந்தர் இறைவன் உவக்கும் மலர் எது என்று வினவிப் பாடியதை நீங்கள் அறிவீர்கள். உள்ளமும் கூப்பிய கையும் காணும் கண்ணுமே அவன் விரும்பும் மலர்கள் என்பது அப்பாடலின் கருத்து. அந்தப் பட்டியலில் புது ரீசேட் இல்லை. தூய உள்ளத்தோடு தோய்த்த பழைய சால்வை உடுத்துத் தேர்வடம் பிடிப்போம். தேர் நகரும், வாவியும் வாழும்.