காந்தள்: பூவும் கிழங்கும்



பூவைப் பாடுவோர் நிறைந்த இவ்வவையில், பூவுக்குக் கீழே மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களின் வரிசை செங்காந்தளில் தொடங்குகின்றது. அது முருகனுக்குரிய பூ. மகளிர் விரலுக்கு உவமையான பூ. இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதே கொடிதான் நம் செயங்கொண்டம் பகுதியில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் பயிராகின்றது. ஏட்டில் ஒரு பெயர், காட்டில் ஒரு பெயர்.

கிழங்கு ஏர்க்கலப்பைபோல் வளைந்து இரு கவராக இருக்கும். கலப்பைக்கிழங்கு என்னும் பெயர் அதனால் வந்தது. நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் மாவுமணிகள் தெரியும். உண்ணும் கிழங்குகளிலும் மாவுதான். இதிலோ அம்மாவோடு கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டும் கலந்திருக்கின்றது. 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் இது. அரை மில்லிகிராம் அளவில் கௌட் என்னும் மூட்டுநோயின் வலியைத் தணிக்கும். அளவு மீறினால் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே தடுத்துவிடும். முதலில் வாந்தியும் பேதியும். பின்னர் எலும்பு மச்சையும் உள்ளுறுப்புகளும் கெடும். சித்த மருத்துவர் இதனைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை.

வள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதனை உண்டு மாண்டோர் உண்டு. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பிறந்தவள் வள்ளி என்பது கதை. அவள் கணவன் சூடுவது காந்தள். தெய்வங்களிடத்தில் இணைந்த இரண்டும் உலைப்பானையில் இணைதல் ஆகாது. சரக்கை வடிவாலும் சுவையாலும் வேதிக்குணத்தாலும் இன்னதென்று பிரித்தறிவதே மருந்துச்சரக்கியல். சொல்லைப் பிழையறத் தேரும் கவிஞருக்கும் அதுவே தொழில் அன்றோ?

இன்னும் ஒன்று. இன்று வணிகத்துக்கு வேண்டுவது கிழங்கினும் விதையே. அப்பூவின் சூல்தண்டு மகரந்தத்தாள்களை விட்டு விலகி, பக்கவாட்டில் மடிந்து நிற்கும். ஆதலால் நல்ல விளைச்சல் வேண்டுவோர் காலைப்பொழுதில் பூப்பூவாகத் தொட்டு, மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கின்றனர். விரலுக்குக் காந்தளை உவமை சொன்னோம். இன்று காந்தள் காய்ப்பதற்கே விரல் வேண்டியிருக்கின்றது. அவ்விரல்கள் விளைவிக்கும் விதைக்கு விலை சொல்வதோ தொலைவிலுள்ள ஏற்றுமதிச் சந்தை. ஏறினும் இறங்கினும் அவர்களைக் கேட்பார் இல்லை.

கவிஞர்களே, காந்தளை இனியும் பாடுங்கள். ஒருமுறை வயலுக்குச் சென்று, கிழங்கையும் அந்த விரல்களையும் கண்டபின் பாடுங்கள். அழகும் நஞ்சும் உழைப்பும் ஒரே கொடியில் இருப்பதை நம் பாட்டும் அறியட்டும்.