வாட்ச் சொல்லும் கணக்கு
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு நிறைய நேரம் கொடுக்கக்கூடாது என்பது செயலாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் நெடுந்தூர ஓட்ட அணிக்குப் பத்து ஸ்போர்ட்ஸ் வாட்ச் வாங்கிக் கொடுப்பதென்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனை. பணமும் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. "நீதான் தினம் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிறாயே, நீயே பேசு" என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள். நான் இங்கே இயற்பியல் படித்தவன். பிறகு முப்பது வருஷம் தொழிற்சாலைகளில் அளவுமானிகளைச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. அந்தத் தொழிலில் ஒரு முள் ஒரு எண்ணைக் காட்டினால் முதலில் ஒரு கேள்விதான் கேட்போம்: இதிலே அளந்தது எவ்வளவு, கணக்குப் போட்டது எவ்வளவு, யூகித்தது எவ்வளவு?

இந்த வாட்ச் உண்மையிலேயே அளப்பது மிகக் கொஞ்சம். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அந்த ஒளி தோலுக்குள் போய்த் திரும்பி வருவதைப் பார்த்து, ரத்தம் பெருகி வடிவதை நாடித்துடிப்பாக எண்ணுகிறது. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடத்தைக் குறிக்கிறது. கையின் ஆட்டத்தை உணர்கிறது. முக்கியமாக இவ்வளவுதான். இதிலேயே தகராறு வரும். பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால், நிதானமாக ஓடுகிற பையனுக்கு நாடி 175 என்று காட்டும். அது நாடியே இல்லை, நிமிஷத்துக்கு அவன் எடுத்துவைக்கிற காலடி! நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரே பிடிப்பதால் அதில் இந்தக் குழப்பம் வருவதில்லை.

அடுத்தது கணக்கு. 'டிரெய்னிங் லோடு', அதாவது பயிற்சிச் சுமை என்று ஒரு எண் திரையில் வருகிறது. இதன் மூலத்தைத் தேடிப்போனால் 1970களில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் பானிஸ்டர் என்பவரிடம் போய் நிற்போம். 1975-76இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு நீச்சல் வீரரின் பயிற்சியைக் கணிதமாக்கிப் பார்த்தார்கள். யோசனை எளிமையானது, அழகானதும்கூட. எளிதாகப் புரிய, இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திறன், மற்றொன்று களைப்பு. ஒவ்வொரு பயிற்சியும் இரண்டிலும் தண்ணீர் ஊற்றுகிறது. திறன் தொட்டியின் அடியில் ஊசித்துளை, மெதுவாகத்தான் வடியும். களைப்புத் தொட்டியில் பெரிய ஓட்டை, சீக்கிரம் வடிந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இன்றைக்கு நீ எப்படி ஓடுவாய் என்பது கிடைக்கும்.

2003 வாக்கில் அமெரிக்காவின் ஆண்ட்ரூ காகன் இதைச் சைக்கிள் பந்தய வீரர்களுக்குப் பழக்கத்தில் கொண்டுவந்தார். தன் முழு எல்லையில் ஒரு மணி நேரம் உழைத்தால் 100 மதிப்பெண் என்று வைத்தார். இன்றைய பயிற்சித் தளங்களில் திறனுக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று வடியும் வேகம் வழக்கமாகிவிட்டது. இயற்பியல் மாணவர்களுக்கு இது கதிரியக்கச் சிதைவுப் பாடம்தான். பதினாலு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் களைப்பில் மிஞ்சுவது சுமார் 14 சதவீதம். திறனில் மிஞ்சுவது சுமார் 72 சதவீதம். பெரிய போட்டிக்கு முந்தின இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லுகிறார்களே, அதன் சூட்சுமம் இதுதான். அந்தக்கால பி.டி. மாஸ்டர்கள் இதைக் கணக்கில்லாமலே சொல்லிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் பானிஸ்டரின் முறையில் அந்த ஓட்டைகளின் அளவை ஒவ்வொரு வீரனுக்கும் அவனவன் ஓடிக் காட்டிய நேரத்தை வைத்துத் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும். தளங்களில் 42, 7 என்று முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயசு ஹாஸ்டல் பையனுக்கும் ஐம்பத்தெட்டு வயசு எனக்கும் களைப்பு ஒரே வேகத்தில் வடிகிறதாம். என் முழங்கால் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு நுணுக்கம். தொட்டியில் எத்தனை குடம் ஊற்றினோம் என்பதற்கு பானிஸ்டர் 'ட்ரிம்ப்' என்றொரு சூத்திரம் கொடுத்தார். ஓடிய நிமிஷங்களை எடுத்து, ஓய்வு நாடிக்கும் உச்ச நாடிக்கும் இடையில் எந்த உயரத்தில் ஓடினாய் என்பதால் பெருக்கி, உயரம் கூடக் கூட எடையும் கூடும்படி ஒரு அடுக்கைப் போடுவது. நேற்று நானே போட்டுப் பார்த்தேன். ஓய்வு நாடி 60, உச்ச நாடி 180 உள்ள ஒருவர் 150 துடிப்பில் ஒரு மணி நேரம் ஓடினால் 122 வருகிறது. அதே ஆள், அதே ஓட்டம். உச்ச நாடியை மட்டும் 170 என்று மாற்றினால் 151! நாலில் ஒரு பங்கு சுமை காற்றிலிருந்து வந்துவிட்டது. இந்த உச்ச நாடி வாட்ச்சுக்கு எப்படித் தெரியும்? பல வாட்ச்கள் முதலில் 220-இலிருந்து வயதைக் கழித்து எழுதிக்கொள்கின்றன. அந்தக் கழித்தல் ஒரு சராசரி. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருப்பது சர்வ சாதாரணம். பிறகு ஓட்டங்களைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வாட்ச்களும் உண்டு. ஆனால் நீங்கள் ஒரு நாளாவது உயிரைக் கொடுத்து ஓடினால்தான் அதற்கு உச்சம் தெரியும்.

எல்லாக் கம்பெனியும் இதே சூத்திரத்தைப் போடுவதில்லை. பின்லாந்தின் யுவாஸ்குலா நகரத்து ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம், ஓட்டம் முடிந்த பிறகும் உடம்பு கூடுதலாக இழுக்கும் ஆக்ஸிஜனை நாடியிலிருந்து மதிப்பிட்டுச் சுமை சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. 2020இல் கார்மின் அதை வாங்கிக்கொண்டது. அதே பின்லாந்தின் போலார், ட்ரிம்ப் கணக்கோடு, ஓடினவர் தானே சொல்லும் சிரமத்தையும் தனியாக வைத்திருக்கிறது. ஆகையால் ஒரு வாட்ச்சின் 300-ஐ இன்னொரு வாட்ச்சின் 300-ஓடு ஒப்பிட்டு ஹாஸ்டலில் சண்டை போடாதீர்கள்.

மூன்றாவது, யூகம். 'புரொடக்டிவ்', 'அன்புரொடக்டிவ்', 'டீட்ரெய்னிங்' என்று வாட்ச் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லும். எனக்கு மனத்தாங்கல் இந்த வார்த்தைகள் மேல்தான். சித்திரை வைகாசியில் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓடிப் பாருங்கள். காற்றில் அவ்வளவு ஈரம், வியர்வை காயாது. உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கு ரத்தம் அனுப்பியாக வேண்டும். தை மாதத்தில் 140-இல் ஓடின வேகத்துக்கு இப்போது 152 ஆகும். வெயிலுக்குத் தள்ளுபடி கொடுக்கும் வாட்ச்களும் இருக்கின்றன. அப்படியும் 'நாடி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, ஆகவே பயனில்லை' என்று எழுதிக் காட்டும். பயனில்லாமல் இல்லை, தம்பி. அது அக்கினி நட்சத்திரம்.

வெயிலாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது ஒன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் அதே ஆக்ஸிஜனைச் சுமக்க இதயம் கூடுதல் தடவை அடிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கையில் உள்ள வாட்ச் என்ன சொல்லும்? சுமை அதிகம், முன்னேற்றம் இல்லை என்று சொல்லும். பயிற்சியாளர் அதைப் பார்த்து "ஒழுங்காகப் பயிற்சி செய்வதில்லை" என்று முடிவுகட்டலாம். அந்தப் பெண்ணே "நமக்கு ஓட்டம் ஒத்துவராது" என்று விட்டுவிடலாம். அவளுக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையும். அதை வாட்ச் சொல்லாது, ஏனென்றால் அது அளக்கவில்லை.

வாட்ச் நாடியை வைத்துச் சுமை சொல்கிறது என்பதை மறந்தால் எலும்பு ஞாபகப்படுத்தும். என் வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், அரை மராத்தானுக்குத் தயாரானான். வாரக்கணக்கில் வாட்ச் 'புரொடக்டிவ்' என்றே சொன்னது. திடீரென்று முன்னங்கால் எலும்பில் வலி. படம் எடுத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல். "வாட்ச் நல்லா இருக்குன்னுதானேடா சொல்லுச்சு!" என்றான். "கடைசி ஞாயித்துக்கிழமை எவ்வளவு ஓடினே?" என்று கேட்டேன். "பதினெட்டு." "அதுக்கு முந்தி?" "பன்னிரண்டுக்கு மேல போனதில்லையே." வாரத்தின் மொத்தம் அழகாகத்தான் இருந்தது. மற்ற நாட்களில் குறைத்துவிட்டு, ஒரே நாளில் ஒன்றரை மடங்கு.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 2016இல் டிம் காபெட் என்பவர், இந்த வாரச் சுமையைக் கடந்த நாலு வாரச் சராசரியால் வகுத்தால் 0.8-இலிருந்து 1.3 வரை பாதுகாப்பு, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று எழுதினார். அது காட்டுத்தீ மாதிரி பரவியது. இந்த மாதிரி விகிதத்தை இன்றும் சில வாட்ச்களில் பார்க்கலாம். 2020 வாக்கில் ஃப்ராங்கோ இம்பெல்லிஸ்ஸெரி போன்றவர்கள், இந்த வகுத்தல் காயத்துக்குக் காரணம் சொல்லாது, கணக்கே பிசகு என்று கடுமையாக மறுத்தார்கள். 2025இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில், கார்மின் வாட்ச் கட்டிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே ஓட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியிருந்தது. வாரத்துக்கு வாரம் ஒப்பிடும் கணக்கில் அப்படி ஒன்றும் தென்படவில்லை. இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க உதவியதும் வாட்ச்சில் பதிவான தூரம்தான், பாருங்கள். அளந்ததை நம்பலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் வாட்ச்சே வேண்டாமா? வேண்டும். சொல்லித்தர ஆளில்லாமல் தானே ஓடுகிறவர்களுக்கு அது செய்யும் பெரிய உபகாரம், மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடவைப்பது. இளவட்டங்கள் எல்லா நாளையும் போட்டி நாளாக்கி விடுகிறார்கள். நாடி 160-ஐத் தாண்டியதும் மணிக்கட்டில் கிர்ரென்று அதிர்ந்தால் கொஞ்சம் அடங்குவார்கள். ஆறு மாதப் பதிவைத் திருப்பிப் பார்ப்பதும் லாபம்தான்.

ஆனால் அதற்குப் பக்கத்திலேயே பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் காட்டிய வழி: ஓட்டம் முடிந்து அரைமணி கழித்து "எவ்வளவு சிரமமாக இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்" என்று கேட்பது; அந்த எண்ணை நிமிஷத்தால் பெருக்குவது. ஐம்பது நிமிஷம், சிரமம் ஆறு, சுமை 300. இதற்கு பேட்டரி வேண்டாம். பரீட்சை வாரத்தில் ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டு, அல்லது ஊருக்குப் போய் இரவு பஸ்ஸில் திரும்பி வந்து ஓடினால் அதே ஓட்டத்துக்கு எட்டு என்பான். சூத்திரத்தில் இல்லாதது எல்லாம் அந்த எட்டில் வந்துவிடுகிறது. 2016இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருக்கிற ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பயிற்சிச் சுமை ஏறி இறங்குவதை ரத்தம், நாடி முதலிய அளவுகளைவிட, வீரர் தன் மனநிலையையும் களைப்பையும் பற்றித் தன் வாயால் சொல்வதே நுட்பமாகக் காட்டுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பதும் ஒரு அளவுமானிதான். கேட்கிறவர் பதிலை நம்ப வேண்டும், அவ்வளவே.

ஆகவே பிற்பகல் பொதுக்குழுவில் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்து வாட்ச்சுக்குப் பதில் ஆறு வாங்குவோம், முறை வைத்துக் கட்டட்டும். மிச்சப் பணத்தில் ஆறு நெஞ்சுப்பட்டையும், அணியில் உள்ள எல்லாருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தப் பரிசோதனையும், ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும். வாட்ச்சில் சேரும் பதிவு மாணவருக்குச் சொந்தம். அவர் சம்மதித்தால்தான் பயிற்சியாளர் பார்க்கலாம். திரையில் வந்த வார்த்தையைக் காட்டி யாரையும் அணியிலிருந்து எடுக்கக்கூடாது; ஓடவிட்டு ஸ்டாப் வாட்ச்சில் நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதை எழுத்தில் போட்டுத்தான் வாட்ச்சை ஒப்படைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பொருளாளர் முகத்தைச் சுளிக்கிறார். ரசீது சுமார் ஒரே தொகைதான் வரும் என்று அவருக்குத் தனியாகக் கணக்குக் காட்டுகிறேன். கை தூக்குகிற நேரத்தில் சாப்பிட்ட மயக்கத்தில் யாரும் தூங்கிவிடாதீர்கள்.