ஒளியால் இறுகும் மை

எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழா நிறைவுற்ற மறுநாட் காலை, ஆறாந் தரத்து மாணவி ஒருத்தி தான் பெற்ற அக்கிரிலிக் கேடயத்தை ஏந்தியவளாய் என் அறை வாயிலில் வந்து நின்றாள். "சேர், என்ர பேர் உரிஞ்சு போச்சு" என்றாள். நகம் பட்ட இடமெல்லாம் எழுத்துக்கள் தோலுரிந்திருந்தன. முதன்முதற் பெற்ற பரிசிலே தன் பெயரை இழந்த அக்குழந்தைக்கு யான் என்ன மறுமொழி கூறுவது?

கேடயத்துடன் அச்சகத்துக்குச் சென்றேன். பொறியை இயக்கிய இளைஞர் ஒளிவுமறைவின்றி உண்மையை உரைத்தார். அதற்கு முந்திய வேலை கடதாசி மட்டைக்கு உரியதாம். நேரம் போதாமையால், அம்மட்டைக்கென அமைத்த அளவுகளை மாற்றாமலே எங்கள் கேடயங்களையும் அச்சிட்டுவிட்டாராம். பின்னர் அப்பொறியின் இயல்பை எனக்குப் பொறுமையோடு விளக்கினார்.

கடைத்தெருவில் 'யூ.வி. பிரிண்டர்' என வழங்கும் இப்பொறியின் மை, காற்றிலே உலர்வதன்று; ஒளியால் இறுகுவது. கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிர் பட்டதும், மையிலுள்ள சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திண்ணிய படலமாகின்றன. இக்காலப் பொறிகள் பலவற்றில் 395 நனோமீற்றர் அலைநீளமுடைய எல்.ஈ.டி. விளக்கு இப்பணியைச் செய்கின்றது.

முதலிற் கவனிக்கவேண்டியது அச்சேறும் பொருளின் தடிப்பு. அச்சுத்தலைக்கும் பொருளின் மேற்பரப்புக்கும் இடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வெளியே இருத்தல் வேண்டும். வெளி மிகுந்தால் மைத்துளிகள் சிதறி எழுத்து மங்கும். குறைந்தால் வளைந்த தகட்டில் தலை உராய்ந்து பழுதுறும். ஆதலின், தடிப்பை மனக்கணக்காற் கொள்ளாது அளவுகோலால் அளத்தல் நன்று.

அடுத்தது ஒளியின் அளவு. விளக்கின் வலிமை, தலை நகரும் வேகம், ஒரே இடத்தின்மீது அது கடந்துசெல்லும் தடவைகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை முடிவுசெய்கின்றன. ஒளி குறைந்தால் மை பிசுபிசுக்கும், நாற்றம் வீசும், உரியும். இறுகாத மை தோலிற் பட்டால் ஒவ்வாமையும் உண்டாகலாம். குழந்தைகள் கையாளும் பொருளில் இது சிறு குற்றமன்று. ஒளி மிகுந்தாலோ படலம் நொய்ந்து வெடிக்கும். மெல்லிய தகடு வெப்பத்தால் நெளியும். கறுப்பு மை கதிரைத் தானே விழுங்கிக்கொள்வதால், மேற்புறம் இறுகியிருக்க அடிப்புறம் பச்சையாயிருத்தலும் உண்டு. பார்வைக்கு நன்றாயிருப்பது கொண்டு ஏமாறலாகாது.

மூன்றாவது, பொருளின் தன்மை. கடதாசி மட்டை மையை ஓரளவு உள்வாங்கும்; கண்ணாடியும் உலோகமும் அவ்வாறல்ல. அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்து, தக்க அடிப்பூச்சும் இடல் வேண்டும்.

இவை சரியாக அமைந்தனவா என்பதை அறிய எளிய சோதனையொன்று உண்டு. அதே பொருளின் வெட்டுத்துண்டில் அச்சிட்டு ஒரு நாள் விட்டு, கூரிய கத்தியாற் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். நாடாவில் மை ஏறாவிடின் அளவு சரியென்க. அவ்வளவுகளைப் பொருளின் பெயரோடு ஏட்டிற் குறித்து வைத்தால் அடுத்த முறை உதவும். ஆயினும் புதிதாய் வந்த தகட்டை மீண்டும் சோதித்தலே முறை.

அவ்விளைஞர் எங்கள் முன்னிலையிலேயே இவையனைத்தையும் செய்து, கேடயங்களைப் புதிதாக அச்சிட்டுத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மாணவி தன் கேடயத்தைப் பெற்றவுடன் முதலிற் செய்தது, தன் பெயரை நகத்தாற் சுரண்டிப் பார்த்ததே. பெயர் அசையவில்லை. அவள் சிரித்தாள்.

நேயர்களே, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே அளவில் பாடம் புகட்டிவிட்டு, ஒருவன் மனத்திலே அது பதியவில்லையே என்று கடிந்துகொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. அச்சகத்திலிருந்து திரும்பும் வழியில் அந்நாட்களை எண்ணி நாணினேன். ஏற்கும் பொருளை அறிந்தே ஒளியை அளத்தல் வேண்டும்.