மண்ணில் கசியும் மின்சாரம்

(திருவண்ணாமலையில் நடந்த அறுப்பின் பண்டிகைக் கூட்டத்தில், மருத்துவமனை ஆதரவாளர்கள் முன்னிலையில் நமது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



முந்தின ஆண்டுகளில் இந்த மேடையில் காசநோயைப் பற்றியும் சர்க்கரை வியாதியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை மின்சாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர், "டாக்டர், அதற்கு லைன்மேனை அல்லவா கூப்பிடவேண்டும்?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் கரண்ட் அடித்தவர்களை லைன்மேனிடம் தூக்கிக்கொண்டு போவதில்லை, எங்களிடம்தான் தூக்கி வருகிறார்கள். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மரிக்கிறார்கள் என்று அரசின் குற்ற ஆவணக் கணக்குகள் சொல்லுகின்றன. பிழைத்துக் கையையோ காலையோ இழந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. செத்த மாடுகளும் இல்லை.

முதலில் மாட்டைப் பற்றியே சொல்லுகிறேன். செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நம்முடைய சபையைச் சேர்ந்த குடும்பத்தில் ஒரு கறவைப் பசு தொட்டிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. தண்ணீரில் வாயை வைக்கும், உடனே தலையை உதறிக்கொண்டு பின்வாங்கும். பால் குறைந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். நம்மவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது என்பதால், ஏதோ பொல்லாத ஆவி என்று போதகரை அழைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். அவரும் வந்து ஜெபித்தார். ஜெபித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஈரத்தரையில் நின்று தொட்டியின் இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அடுத்த நாள் ஒயர்மேன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது குழாய்க்கும் தரைக்கும் நடுவே நாலு வோல்ட் இருந்தது. போர்வெல் மோட்டாரின் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. ரப்பர் செருப்புப் போட்ட வீட்டார் ஒருவருக்கும் அது தெரியவில்லை. நாலு காலும் ஈரத்தில் ஊன்றி நின்ற பசுவுக்குத் தெரிந்தது. அந்தப் போதகரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இது நம் ஊரில் மாத்திரம் உள்ள காரியம் அல்ல. அமெரிக்காவில் பால் பண்ணைகள் நிறைந்த விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பல ஆண்டுகளாக இதே வழக்கு. அந்த நாட்டு வேளாண்மைத் துறை 1991-ல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. மனிதருக்குச் சுரணையே இல்லாத ஒன்றிரண்டு வோல்ட் மாட்டுக்கு உறைக்கும், நாலைந்து வோல்ட் ஆனால் அது தண்ணீரையும் கறவை இடத்தையும் கண்டு மிரளும். அங்கே இந்தத் தொல்லை பாலோடு நின்றுவிடுகிறது. நம்மிடத்தில் உயிர் வரைக்கும் போகிறது. ஏன் என்பதுதான் என் பேச்சு.

மின்சாரம் கம்பி வழியே வருகிறது, வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் நியூட்ரல் என்று பெயர். அது சரியாக இருந்தால் மண்ணுக்கு வேலை இல்லை. நியூட்ரல் தளர்ந்தாலோ, மோட்டாரின் சுருள் நனைந்து கசிந்தாலோ, கம்பத்தின் பீங்கான் வெடித்து ஸ்டே கம்பியில் கரண்ட் இறங்கினாலோ, அது மண் வழியாகத் திரும்பப் பார்க்கும். சிலர் செலவை மிச்சப்படுத்த ஒரே ஒரு கம்பியை இழுத்து, மறுமுனையை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியோடு சேர்த்துக் களத்தில் விளக்கு எரிக்கிறார்கள். விளக்கு எரியும். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணும் உயிரோடு இருக்கும்.

பியூஸ் போய்விடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 230 வோல்ட் கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் விழுகிறது என்று வையுங்கள். மண்ணின் தடை 50 ஓம் என்றால் ஓடுகிற மின்சாரம் 5 ஆம்பியர்கூட இல்லை. பியூஸ் கட்டையில் 15 ஆம்பியர் கம்பி இருந்தால் அது அசையாது. நம் ஊரில் அடிக்கடி போகிறதென்று இரண்டு முறுக்காகச் சுற்றி வைத்திருப்பார்கள், அப்படியானால் கேட்கவே வேண்டாம். மனிதனைக் கொல்ல 5 ஆம்பியர் வேண்டியதில்லை. ஒரு மில்லி ஆம்பியரில் கூச்சம் தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது. முப்பதில் மூச்சு இறுகும். ஐம்பதிலிருந்து நூறுக்குள் இருதயம் தாளம் தப்பித் துடிதுடித்து நின்றுபோகலாம். 15 வாட் பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 65 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சின்ன பல்புக்கு வேண்டிய மின்சாரம் ஒரு குடும்பத் தலைவனை எடுத்துக்கொண்டு போகப் போதும்.

அறுந்த கம்பி கிடக்கிற இடத்தில் மண்ணின் அழுத்தம் நடுவில் மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் இருக்கும். ஆகவே ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்கும் வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் ஓடும். மனிதனுக்குக் கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்குகிறது. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், அந்த வழியில்தான் அதன் இருதயம் இருக்கிறது. மழை நாளில் மாடு செத்து மேய்ப்பவன் தப்புவதற்குக் காரணம் இது. அதைக் கண்டு மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுக்க ஓடுகிறானே, அவன்தான் அடுத்தவன்.

நம் மாவட்டத்தில் கரும்பும் நெல்லும் மணிலாவும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே விளைகின்றன. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உண்டு. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். நல்ல காரியம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் இரவில் வருகிற ஊர்களில், மனிதர் இருட்டில் வெறுங்காலோடு சேற்றில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டரைத் தொடுகிறார். கொட்டகை ஒழுகும். தகரப் பெட்டிக்குக் கதவு இருக்காது. எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி எத்தனை கோடை ஆயிற்றோ! எங்களிடம் வருகிறவர்களில் பலர் இப்படி அடிபட்டவர்கள்தான்.

மின்வேலியைப் பற்றியும் சொல்லவேண்டும். காட்டுப்பன்றி மணிலாக்கொடியைக் கிளறிவிடுகிறதென்று கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மாத்திரம் தப்பின. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்யவேண்டும் என்று மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. யானை செத்தால் பத்திரிகையில் வருகிறது. பக்கத்து வயல்காரர் விடியற்காலையில் மடை திருப்பப் போய்ச் செத்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துவிடுவதும் உண்டு.

யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் இருக்கிறது. ஒருவன் குழியை வெட்டி மூடாமல் விட்டு, அதில் அடுத்தவனுடைய மாடாவது கழுதையாவது விழுந்து செத்தால், குழிக்குச் சொந்தக்காரன் ஈடு கொடுக்கவேண்டும். நான் தள்ளவில்லை, அதுவாக விழுந்தது என்ற சாக்கு அங்கே செல்லாது. வீட்டின் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்லுகிற உபாகமத்துப் பிரமாணமும் அதே வகை. வேதபாட வகுப்பில் பழைய காலத்துச் சட்டம் என்று கடந்துபோகிற பகுதிகள் இவை. எர்த் இல்லாத மோட்டாரும் வேலியில் விட்ட மின்சாரமும் மூடாத குழிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் அந்தோணியார் ஆலயத் திருவிழா வேலையில் இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் மரித்தார்கள். டிசம்பரில் நட்சத்திரம் கட்ட நம்முடைய வாலிபர் சங்கத்தார் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஆலயக் கூரையில் ஏறுகிறார்களே, அவர்களை மூங்கில் கம்பு எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் காய்ந்த மூங்கில். 11,000 வோல்ட் கம்பி அருகே ஓடுகிறதென்றால் எந்தக் கம்பும் வேண்டாம், நட்சத்திரத்தை வாசலில் தொங்கவிடுங்கள். சாஸ்திரிகள் அதனால் வழி தவறிவிடமாட்டார்கள்.

கிராம மருத்துவ முகாம்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 2018-ல் மேற்கு மாவட்ட விவசாயிகள் உயரழுத்த மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடினபோது, கம்பியின் கீழே வெறும் டியூப் லைட்டைக் கையில் பிடித்து எரியவைத்துக் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், "ஐயா, எங்கள் நிலத்தின் மேலேயும் கோபுரக் கம்பி போகிறது, புற்றுநோய் வருமா?" என்று கேட்கிறார்கள். விளக்கு எரிவது உண்மை. கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் குழலில் உள்ள வாயுவை ஒளிரச் செய்கிறது, அதற்கு மிகச் சிறிய சக்தி போதும். பொதுமக்களுக்கு மீட்டருக்கு 5,000 வோல்ட் என்பது சர்வதேச வழிகாட்டும் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-ல் இந்தக் காந்தப்புலத்தைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளே அதற்கு ஆதாரம், அவையும் உறுதியானவை அல்ல. நிலத்துக்கும் மரத்துக்கும் தகுந்த இழப்பீடு கேட்பது விவசாயியின் உரிமை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோபுரத்தின் கீழே நீளமான கம்பிவேலி இருந்தால் அதை எர்த் செய்யவேண்டும், இல்லையேல் தொடும்போது சுரீர் என்று அடிக்கும். ஆனால் மருத்துவனாக நான் சொல்லவேண்டியது, அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிற அந்தக் கம்பியைவிடக் கொட்டகையில் தொங்குகிற கம்பியே நம் ஜனங்களை அதிகமாய்க் கொல்லுகிறது.

அடிபட்டவர் வந்தால் என்ன நடக்கிறது? உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவு கருகல், குதிகாலில் இன்னொன்று. பார்த்தால் சின்னப் புண். கூட வந்தவர்கள், களிம்பு போட்டு அனுப்புங்கள் என்பார்கள். ஆனால் மின்சாரம் உள்ளே எலும்பை ஒட்டிய சதையை வேகவைத்துவிட்டுப் போயிருக்கும். வெந்த சதையிலிருந்து கரைந்து வருவது சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் இறங்கினால் எங்களுக்குக் கவலை. பாட்டில் பாட்டிலாய் மருந்து நீர் ஏற்றவேண்டும், இருதயத்தைக் கருவியில் கவனிக்கவேண்டும், கை வீங்கி இறுகினால் தோலையும் உறையையும் உடனே கீறிவிடவேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் கையே போய்விடும். எங்களால் ஆகாததை வேலூருக்கு அனுப்புகிறோம். அது எண்பது கிலோமீட்டருக்கு மேல்.

ஆகையால் முதல் ஐந்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. அடிபட்டவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால், வீட்டு மின்சாரமானால் மாத்திரம், காய்ந்த பலகையின்மேல் நின்று காய்ந்த கட்டையால் கம்பியைத் தள்ளுங்கள். பெரிய லைனானால் கிட்டவே போகவேண்டாம். மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி விழுந்த இடத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து, தரையை விட்டுத் தூக்காமல், உரசி உரசி வெளியே வாருங்கள். அடிபட்டவர் மூச்சில்லாமல் கிடந்தால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிராமல் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குங்கள், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தரம். 108 வருகிறவரைக்கும் விடாதீர்கள்.

நீங்கள் அனுப்புகிற காணிக்கை எதற்கு என்று இப்போது சொல்லலாம். இதுவரை தீப்புண் கட்டிலுக்கும் மருந்து நீருக்கும் செலவிட்டோம். அதோடு, கிராம முகாமுக்குப் போகும்போது ஒரு ஒயர்மேனையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறோம். செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்தில் அவர் விதவைகள் வீட்டிலும் சிறு விவசாயிகள் கொட்டகையிலும் எர்த்தைச் சோதிக்கிறார். கசிவு கண்டால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். முடியாதவர்களுக்கு அதை வாங்கி மாட்டிக் கொடுக்கிறோம். "அடிக்கடி ஆஃப் ஆகிறது, கழற்றி எறியுங்கள்" என்று சிலர் கோபிக்கிறார்கள். அது அணைகிறதென்றால் மோட்டார் கசிகிறது என்று அர்த்தம். ஒயர்மேன் பொறுமைசாலி, மறுபடியும் போய் விளக்குகிறார்.

முடிக்குமுன் ஒரு ஜெபக்குறிப்பு. முப்பத்திரண்டு வயதுச் சகோதரர் ஒருவர் எங்கள் ஆண்கள் வார்டில் இருக்கிறார், கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனவர். இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தோம். வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்வு திரும்பியிருக்கிறது, மற்ற இரண்டுக்கு வியாழக்கிழமை இரண்டாம் அறுவைச் சிகிச்சை. அவருடைய மனைவி இரண்டு கறவை மாடுகளையும் விற்காமல் வைத்திருக்கிறார், கணவர் வந்து பால் கறப்பார் என்று.