அளவுகோலை விற்க முடியுமா?

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

மத்யன் நகரத்தாரிடம் ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட வரலாற்றைத் திருமறையின் 11ஆவது அத்தியாயத்தில் காண்கிறோம். ஓரிறைவனை வணங்குமாறு அழைத்த அந்த நபி, அதனோடு சேர்த்தே அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் அருளப்பட்டிருக்கிறது. வணிகத்தில் அளவுகோல் என்பது எவ்வளவு பெரிய அமானிதம் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

இன்று ஓர் அளவுகோல் நம் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் வருகிறது. மாலைச் செய்தியின் இறுதியில், "சென்செக்ஸ் இத்தனை புள்ளிகள் உயர்ந்தது, நிஃப்டி இத்தனை புள்ளிகள் சரிந்தது" என்று வாசிக்கிறார்கள். கேட்பவர் பலர், அதன் பொருளை அறிந்தவர் சிலர். முன்பு அறியாமல் இருந்ததால் நமக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. இன்றோ நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் அந்த எண் குடியேறிவிட்டது. அதன் மேல் பணம் வைக்கிறார்கள். அதை வியாபாரம் என்று நாமும் நம்புகிறோம். எனவே அந்த எண் என்ன, அதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை இன்று சிந்திப்போம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது?

மும்பைப் பங்குச்சந்தை 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது, ஆசியாவிலேயே பழமையானது. அங்கு ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் பங்குகள் விற்கப்படுகின்றன. ஒரு நாளில் சில ஏறும், சில இறங்கும். மொத்தத்தில் சந்தை எப்படி இருந்தது என்பதை ஒரே எண்ணில் சொல்வதற்காக 1986 ஜனவரி 1 அன்று சென்செக்ஸ் என்ற குறியீட்டெண் வெளியிடப்பட்டது. பல துறைகளைச் சேர்ந்த 30 பெரிய நிறுவனங்கள் அதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டன. 1978-79ஆம் ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினார்கள். தேசியப் பங்குச்சந்தை 1996இல் வெளியிட்ட நிஃப்டி 50 நிறுவனங்களைக் கொண்டது. 1995 நவம்பர் 3ஆம் நாளின் மதிப்பு அதற்கு 1,000.

ஆக, நாட்டின் எல்லாக் கடைகளையும் தொழில்களையும் அளந்து சொல்லும் எண் அன்று இது. நம் ஊர்க் கடைவீதி இதில் இல்லை. விவசாயியின் வயல் இதில் இல்லை. முப்பது அல்லது ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலை, அவ்வளவே.

எடை எப்படிப் போடப்படுகிறது?

இந்த முப்பது நிறுவனங்களும் தராசில் சம எடை உடையவை அல்ல. ஓர் எளிய உதாரணத்தால் விளக்குகிறேன்.

சந்தையில் இரண்டே நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்துக்கு 100 பங்குகள். ஒன்றின் விலை 90 ரூபாய். அவற்றில் 60 பங்குகள் நிறுவனர் குடும்பத்திடம் உள்ளன. அவை விற்பனைக்கு வருவதில்லை. பொதுமக்களிடம் புழங்குபவை 40. ஆகவே கணக்கில் சேரும் மதிப்பு 3,600 ரூபாய். இரண்டாவது நிறுவனத்துக்கும் 100 பங்குகள், விலை 20 ரூபாய், புழங்குபவை 20. அதன் மதிப்பு 400 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,000. இதைக் குறியீட்டெண் 1,000 என்று வைப்போம்.

சில காலம் கழிகிறது. முதல் நிறுவனத்தின் விலை பத்து சதவீதம் கூடுகிறது. 3,600 என்பது 3,960 ஆகிறது. இரண்டாவது நிறுவனத்தின் விலை பாதியாகிறது. 400 என்பது 200 ஆகிறது. மொத்தம் 4,160. குறியீட்டெண் 1,040 ஆகிவிட்டது! "சந்தை நான்கு சதவீதம் உயர்ந்தது" என்று செய்தி வரும். இரண்டாவது நிறுவனத்தில் பணம் போட்டவரோ பாதிப் பணத்தை இழந்து நிற்பார்.

இதுவே உண்மையில் பின்பற்றப்படும் முறை. புழங்கும் பங்குகளை மட்டும் கணக்கிடும் இம்முறைக்குச் சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும், நிஃப்டி 2009 ஜூனிலும் மாறின. பெரிய நிறுவனம் அசைந்தால் எண் அசையும். சிறியது அழிந்தாலும் எண்ணுக்குத் தெரியாது.

குவியலுக்குள் கையை விடுங்கள்

அன்புச் சகோதரர்களே! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதற்குள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது. இந்த எண்ணின் குவியலுக்குள்ளும் நாம் கையை விட்டுப் பார்ப்போம்.

முதலாவது, புள்ளிகள் மயக்குபவை. 2004 மே 17 அன்று சென்செக்ஸ் 565 புள்ளிகள் விழுந்தது. 2024 ஜூன் 4 அன்று 4,390 புள்ளிகள் விழுந்தது. எது பெரிய வீழ்ச்சி? இரண்டாவதுதான் என்போம். ஆனால் 2004இல் விழுந்தது 11 சதவீதத்துக்கும் அதிகம். 2024இல் விழுந்தது 6 சதவீதத்துக்கும் குறைவு. எண் வளர்ந்துவிட்டதால் புள்ளிகளும் பெரிதாகத் தெரிகின்றன. செய்தியின் சத்தத்தைக் கேட்டு அஞ்சுவதும் ஆசைப்படுவதும் அறிவுடைமை ஆகா.

இரண்டாவது, தோற்றவர்கள் பட்டியலிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். 100இல் தொடங்கிய சென்செக்ஸ் 2024 ஜூலையில் 80,000ஐக் கடந்தது. "அன்றே போட்டிருந்தால் எண்ணூறு மடங்கு" என்று ஆசை காட்டுவோர் உண்டு. ஆனால் 1986இல் இருந்த முப்பது நிறுவனங்களில் பெரும்பாலானவை இன்று அந்தப் பட்டியலில் இல்லை. அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அன்று அதில் இருந்தது; 2014இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோனது. நலிந்தவை நீக்கப்பட்டு, வளர்ந்தவை சேர்க்கப்படுகின்றன. அப்படி மாற்றும்போது எண் திடீரெனக் குதிக்காதவாறு கணக்கைச் சரிசெய்துகொள்கிறார்கள். இதில் மோசடி இல்லை, விதிப்படி நடப்பதே. ஆனால் பழைய நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கு அத்தகைய சரிசெய்தல் கிடையாது.

மூன்றாவது, பட்டியலில் இருப்பது நேர்மைக்குச் சான்றிதழ் அன்று. உண்மை என்று பொருள்படும் 'சத்யம்' என்ற பெயரைத் தாங்கிய கணினி நிறுவனம் இரு குறியீடுகளிலும் இடம்பெற்றிருந்தது. கணக்கில் காட்டிய ஐயாயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை உண்மையில் இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். பங்கு விலை ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சரிந்தது. அதே மாதத்தில் அது இரு குறியீடுகளிலிருந்தும் நீக்கப்பட்டது. எண் தன் வழியே சென்றது. பணம் போட்ட குடும்பங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

பங்கு வாங்குவதன் சட்டம்

அப்படியானால் பங்கு வாங்குவதே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. பங்கு என்பது ஒரு தொழிலில் கூட்டாளி ஆவதாகும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் வணிகம் நபித்துவத்துக்கு முன்பிருந்தே அரபு மண்ணில் இருந்தது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு ஷாம் தேசம் சென்று வணிகம் செய்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கூட்டாளி ஆகும் முன் அது என்ன தொழில் என்று பார்ப்பது நம் கடமை.

நிஃப்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆகும். சிகரெட் தயாரிக்கும் நிறுவனமும் நெடுங்காலமாக அதில் இடம்பெற்றிருக்கிறது. எனவே குறியீட்டை அப்படியே பின்பற்றும் 'இன்டெக்ஸ் ஃபண்ட்' ஒன்றில் நூறு ரூபாய் போடுபவர், தாம் அறியாமலேயே முப்பது ரூபாய்க்கும் மேல் வட்டித் தொழிலில் கூட்டாளி ஆகிறார். வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடைசெய்த இறைவனின் கட்டளை (2:275) நம் முன் இருக்கிறது.

நேரடி வட்டித் தொழில் செய்யாத நிறுவனமும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் என்ன செய்வது? இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1992இல், அத்தகைய பங்கு அடிப்படையில் கூடாது என்றே தீர்மானித்தது. பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி என்ற அமைப்பு சில வரம்புகளோடு அனுமதிக்கிறது: வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அந்தச் சிறு பகுதியையும் தன் சொத்தோடு சேர்க்காமல் கொடுத்துவிட வேண்டும். இத்தகைய சல்லடையில் சலித்த ஷரீஆ குறியீடுகள் நம் நாட்டிலும் உள்ளன. இன்று தேறிய நிறுவனம் நாளை நீக்கப்படலாம் என்பதால், ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுவது போதாது.

எண்ணின் மேல் பந்தயம்

இனி, நம் இளைஞர்களைச் சூழ்ந்துள்ள பெரிய ஆபத்துக்கு வருகிறேன். 2000 ஜூன் முதல் நம் நாட்டில் பங்கை அல்லாமல், குறியீட்டெண்ணையே வைத்து ஒப்பந்தம் செய்யும் வழி திறக்கப்பட்டது. 'ஃபியூச்சர்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' என்றும், சுருக்கமாக 'எஃப் அண்ட் ஓ' என்றும் சொல்கிறார்கள். குறித்த நாளில் நிஃப்டி எந்த எண்ணுக்கு மேல் நிற்கும், எதற்குக் கீழ் நிற்கும் என்பதே அங்கு பேச்சு. முடிவில் ஒரு பங்குகூடக் கைமாறாது; பணம் மட்டும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

சகோதரர்களே! அரிசியை விற்கலாம், அரிசியை அளக்கும் படி காட்டும் எண்ணிக்கையை விற்க முடியுமா? துணியை விற்கலாம், துணியின் நீளம் எத்தனை முழம் வரும் என்பதன் மேல் பணம் வைத்தால் அதற்குப் பெயர் என்ன? ஜித்தா ஃபிக்ஹ் கழகம் அதே 1992ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், குறியீட்டெண்ணை வாங்குவதும் விற்பதும் அசல் சூதாட்டமே, இல்லாத ஒன்றை விற்பதே என்று தெளிவாக அறிவித்தது. தம்மிடம் இல்லாத பொருளை விற்பது பற்றி ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (திர்மிதீ). அங்கே பொருளாவது பின்னர் வரவிருந்தது. இங்கே பொருளே இல்லை. மதுவையும் சூதாட்டத்தையும் சேர்த்து ஷைத்தானின் அசுத்தமான செயல் என்று திருமறை (5:90) சொல்வதை நாம் அறிவோம்.

இறைவன் தடுத்ததில் உள்ள தீமையை இன்று அரசின் கணக்கும் காட்டுகிறது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இந்த ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. ஈடுபட்டோரில் நான்கில் மூன்று பேர், ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று தெரிவித்தவர்கள். 2023-24இல் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள். இலாபம் அடைந்தோர், கணினி நிரல்களை வைத்து நொடிக்குள் விளையாடும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் ஆவர். 2024-25ஆம் நிதியாண்டிலும் தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நட்டமே கண்டார்கள்.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் வளைகுடாவில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணம் இருக்கலாம்; தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்தது இருக்கலாம்; தாயின் நகை இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை "ஷேர் மார்க்கெட்டில் இருக்கிறேன்" என்று சொன்னால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ வாங்கியது எந்த நிறுவனத்தின் பங்கு? அது என்ன தொழில் செய்கிறது?" பதில் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம், உலமாக்களிடம் விளக்கம் பெறலாம். எண் ஒன்றே பதிலாக வந்தால், அவனைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அது.

இளைஞர்களே! இழந்திருந்தால் மறைக்காதீர்கள். இழந்ததை மீட்கிறேன் என்று கடன் வாங்கி மீண்டும் இறங்காதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. வீட்டாரிடம் உண்மையைச் சொல்வதே மீட்சியின் முதற்படி. அப்படி வந்து சொல்பவனை ஏசி விரட்டாமல் அரவணைப்பது குடும்பத்தின் கடமை, ஜமாஅத்தின் கடமையும்கூட.

நம் செல்வம் எந்த வழியில் வந்தது, எந்த வழியில் சென்றது என்று மறுமையில் கேட்கப்படாமல் எந்த அடியானின் பாதமும் நகராது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (திர்மிதீ). அன்று சென்செக்ஸ் எத்தனை புள்ளிகளில் நின்றது என்று எவரும் கேட்கப்போவதில்லை. அங்கு நிறுத்தப்படும் தராசு வேறு. அதில் ஒரு கடுகளவும் தவறாது.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகளைச் சூதின் தீங்கிலிருந்து காப்பானாக! இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.