ஒரே ஈற்று முயல்களை இணை சேர்க்கலாமா?

குளுவாங், பத்து பகாட் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கூண்டு வைத்து முயல் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். ஆறு மாதத்தில் குட்டியும் இணைசேரத் தயாராகிவிடும். ஒரு ஜோடியோடு தொடங்கியவரின் கூண்டில் ஓராண்டுக்குள் அண்ணனும் தங்கையும்தான் இருக்கும்.

மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டிரண்டாக வருகின்றன. ஒன்று பழுதென்றால் பெரும்பாலும் மற்றது ஈடுகொடுக்கும். உடன்பிறந்தவை கூடினால், ஒரே மரபணுவின் நகலே இருபக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு 25 விழுக்காடு. தந்தை, மகள் சேர்ந்தாலும் அதே 25தான். அப்போது ஒளிந்திருந்த பழுது வெளியே வரும். ஈற்றில் குட்டிகள் குறையும், பால்குடி மறக்கும் முன்பே சில சாகும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் பிறப்பதும் உண்டு. முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேயாத பல் நீண்டு, தீனி எதிரே இருந்தும் பட்டினி கிடக்கும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் இனங்களை வளர்க்கிறது. அப்படிப்பட்ட பண்ணைகளுக்கு வம்சக் குறிப்பேடுதான் உயிர். நமக்கு ஒரு பள்ளி நோட்டு போதும்.

வெளியிலிருந்து கடா முயல் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் உங்கள் கடையிலேயே வாங்கியிருந்தால் அதுவும் சொந்தமாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாவது தனிக்கூண்டில் வையுங்கள். காயமின்றிப் பல் கோணிய குட்டி பிறந்தால், அதன் தாய் தந்தையை மறுபடி சேர்க்காதீர்கள்.