விரலுக்கேத்த வீக்கம்

'விரலுக்கேத்த வீக்கம் வேணும்'னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. கட்டுப்படியாகாத காரியத்துல கை வைக்காதேன்னு அர்த்தம்.

மதுரையில டாக்டர் வெங்கடசாமின்னு ஒருத்தர். முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண்புரை ஆபரேஷன் செஞ்சார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசில்லாதவங்களுக்கு இலவசம்.

கட்டுப்படியாகுமா? ஆச்சே!

ஆபரேஷன் அறையில பக்கத்துப் பக்கத்துல மேஜை. ஒரு கண் முடிஞ்சதும் டாக்டர் அடுத்த மேஜைக்குத் திரும்புவார். அங்கே அடுத்த நோயாளி தயாரா இருப்பார். நேரம் மிச்சம், செலவு மிச்சம். பணம் கட்டுறவங்க தந்த கட்டணம், கட்டாதவங்களையும் தாங்கிச்சு. கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலையா? 1992-ல ஆரோலேப்னு சொந்தமா ஆலையே ஆரம்பிச்சுட்டாங்க.

இதை நண்பர்கிட்டே சொன்னேன். "எங்க வீட்டுலயும் கட்டுப்படியாகுற திட்டம் ஒண்ணு இருக்கு"ன்னார்.

"என்ன அது?"

"மாசக் கடைசியில குடும்பத்தோட மாமனார் வீட்டுக்குப் போயிடுவோம்!"